உண்ணிக் காய்ச்சலில் நுரையீரல் செயலிழப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வாரக் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல், தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் நொதிகளில் மிதமான உயர்வு. இவை சேர்ந்து வந்தால் முதலில் டெங்கு நினைவுக்கு வருகிறது. அடுத்து எலிக்காய்ச்சல், மலேரியா, இன்ஃப்ளூயன்சா. ஸ்க்ரப் டைபஸ் பல சமயம் பட்டியலின் கடைசியில்தான் இடம்பெறுகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் இந்த நோய்க்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான, பழைய மருந்து இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கு எடுத்த எடுப்பிலேயே கொடுக்கப்படும் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசைந்து கொடுப்பதில்லை. அந்த மருந்துகளோடு கழியும் நாட்களில்தான் நுரையீரல் பழுதாகிறது.

கீழே வரும் நோயாளி ஒரு தனி நபர் அல்லர். இந்நோயில் வழக்கமாகக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து, எந்த முடிவை எந்த நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று காட்டுவதற்காக அமைத்த கற்பித்தல் நிகழ்வு இது. இடையிடையே குறிப்பிடப்படும் ஆய்வு முடிவுகள் மட்டும் மருத்துவ இதழ்களில் வெளியானவை.

நோயாளி வந்த நிலை

48 வயதுப் பெண். வயல் வேலை செய்பவர். காய்ச்சலுக்கு முந்தைய வாரங்களில் புதர் மண்டிய நிலத்தில் புல் அறுத்திருக்கிறார். நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் எதுவும் இல்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் குத்தும் தலைவலி, உடல்வலி. மூன்றாம் நாள் ஒரு மருத்துவரிடம் சென்று பாராசிட்டமாலும் செஃபிக்சிம் மாத்திரையும் பெற்றார். ஐந்தாம் நாள் வறட்டு இருமல் சேர்ந்தது. டெங்குப் பரிசோதனையிலும் மலேரியா இரத்தத் தடவலிலும் எதுவும் இல்லை. ஆறாம் நாள் முதல் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடப்பட்டது. எட்டாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போகவே மூச்சு வாங்கியதால் எங்களிடம் அனுப்பப்பட்டார்.

கூட வந்த மகள் சொன்ன ஒரு செய்தியை அனுப்புக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை: “அம்மாவுக்கு மூன்று நாட்களாகக் காது சரியாகக் கேட்கவில்லை, டாக்டர். கத்திப் பேசினால்தான் திரும்பிப் பார்க்கிறார்.” காய்ச்சலோடு புதிதாகக் காது மந்தமாவது ஸ்க்ரப் டைபஸில் அறியப்பட்ட அறிகுறி. டெங்குவிலோ மலேரியாவிலோ அதை எதிர்பார்ப்பதில்லை. (மலேரியாவுக்குக் குயினின் கொடுத்திருந்தால் அது வேறு கதை.) நோயைக் கண்டுபிடிக்க இது மட்டும் போதாது, ஆனால் ஐயத்தின் திசையை மாற்ற இது போதும்.

உடல் வெப்பம் 39.4 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 88/54, சுவாசம் நிமிடத்துக்கு 38. வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம். கூப்பிட்டால் பதில் சொன்னார். ஆனால் கண் சொருகியது. கண்கள் சிவந்திருந்தன, முகம் சற்று வீங்கியிருந்தது. நுரையீரலின் இரு புறமும் கீழ்ப்பகுதியில் நெரிபடும் ஒலி. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இரண்டு விரல் அளவு தட்டுப்பட்டது. இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது, தொட்டால் வலித்தது.

இடது அக்குளில் மட்டும் நெறி கட்டியிருக்கிறது என்றால், அந்த நிணநீர்க் கணுவுக்கு வடியும் தோல் பரப்பில் எங்கோ ஒரு புண் இருக்க வேண்டும். செவிலியர் திரையை இழுத்துவிட்டு உடையை முழுவதும் தளர்த்திப் பார்த்தார். இடது மார்பகத்தின் கீழ் மடிப்பில், சுமார் 8 மில்லிமீட்டர் அளவில், நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருந்தது.

“இது எப்போது வந்தது, அம்மா?”

“எது?” என்றார் நோயாளி.

அவருக்கே தெரியவில்லை. அந்தப் புண் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி அதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, தேடித்தான் பார்க்க வேண்டும். அக்குள், இடுப்பைச் சுற்றிய உடைக்கட்டு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம், தொப்புள், காதுமடலின் பின்புறம், பெண்களுக்கு மார்பக மடிப்பு ஆகியவை அது ஒளிந்திருக்கும் இடங்கள். ஈரம் தங்கும் மடிப்புகளில் கருப்புப் பொருக்கு உதிர்ந்துபோய், மஞ்சள் அடித்தளம் கொண்ட சாதாரணப் புண்ணாகத் தெரியலாம். எத்தனை நோயாளிகளுக்கு இந்தப் புண் கிடைக்கிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் மாறுகிறது. கிருமி வகையும் தோலின் நிறமும் அதற்குக் காரணங்கள். தேடுபவரின் பொறுமையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. புண் இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பரிசோதனைகள்

வெள்ளணுக்கள் 13,400, தட்டணுக்கள் 46,000. பிலிருபின் 2.1, கல்லீரல் நொதிகள் 168, 112. இரத்தப் புரதமான ஆல்புமின் 2.3 கிராம் மட்டுமே. கிரியாட்டினின் 1.7, சோடியம் 129, திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 3.4. மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களிலும், கீழ்ப்பகுதியில் அதிகமாக, வலைப்பின்னல் போன்ற நிழல்களும் திட்டுத்திட்டான வெண்மையும். அல்ட்ராசவுண்டில் நுரையீரல் முழுவதும் நீர்க்கோர்ப்பைக் காட்டும் செங்குத்துக் கோடுகள், இருபுறமும் சிறிதளவு நெஞ்சறை நீர். எக்கோவில் இதயத்தின் இடது கீழறை நன்றாகச் சுருங்கியது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்கவில்லை, இரத்தக் குழாய்களே கசிகின்றன என்பதை அது உறுதிப்படுத்தியது. ஸ்க்ரப் டைபஸ் இதயத் தசையையும் தாக்கக்கூடியது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

எதிரணுக்களைத் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கு இரத்தமும், கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனைக்குப் பொருக்கின் ஒரு துணுக்கும் அனுப்பினோம். இரண்டும் பிறகு உறுதியாக வந்தன. ஆனால் சிகிச்சை அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. ஐஜிஎம் எதிரணுக்கள் தலைகாட்டவே பொதுவாக முதல் வாரத்தின் இறுதி ஆகிவிடும். அதற்கு முன் வரும் ‘இல்லை’ என்ற முடிவை நம்பி டாக்சிசைக்ளினை நிறுத்துவது ஆபத்து. நோய் பரவலாக உள்ள பகுதிகளில் பழைய தொற்றின் எதிரணுக்கள் பல மாதங்கள் நீடிப்பதால் ‘ஆம்’ என்ற முடிவும் முழுச் சான்று ஆகாது. பொருக்கில் எடுக்கும் பிசிஆர் இந்த இரு சிக்கலிலும் மாட்டுவதில்லை. 1916இல் உருவான வெய்ல்–ஃபெலிக்ஸ் இரத்தச் சோதனை இன்னும் பல ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் அது இருப்பது சரி. ஆனால் அது ‘இல்லை’ என்று சொன்னதால் நோயைத் தள்ளிவைப்பது சரியல்ல. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினரை அது தவறவிடுகிறது.

முதல் சில மணி நேரம்

வந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் நரம்பு வழியே ஏற்றினோம். அடுத்து 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 100 மில்லிகிராம். கூடவே அசித்ரோமைசின் நாளுக்கு 500 மில்லிகிராம், அதுவும் நரம்பு வழியே. கல்ச்சர் முடிவு வரும்வரை செஃப்ட்ரியாக்சோன் தொடர்ந்தது, இன்ஃப்ளூயன்சா பிசிஆர் வரும்வரை ஒசெல்டாமிவிர் சேர்ந்தது. எலிக்காய்ச்சலாக இருந்தாலும் டாக்சிசைக்ளினும் செஃப்ட்ரியாக்சோனும் அதைப் பார்த்துக்கொள்ளும். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளராததால் செஃப்ட்ரியாக்சோனையும், இன்ஃப்ளூயன்சா இல்லை என்று தெரிந்ததும் ஒசெல்டாமிவிரையும் நிறுத்தினோம்.

நரம்பு வழி டாக்சிசைக்ளின் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அப்படியானால் மூக்குக் குழாய் வழியே அதே அளவைக் கொடுக்கலாம். குடல் வேலை செய்தால் அது நன்றாகவே உறிஞ்சப்படும். ஆனால் கால்சியம், இரும்பு, அமிலமுறிவு மருந்துகள், சுக்ரால்ஃபேட் ஆகியவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் உணவு சொட்டிக்கொண்டே இருக்கும்போது அதனோடு டாக்சிசைக்ளினைக் கலந்துவிட்டு, “மருந்து கொடுத்தும் காய்ச்சல் குறையவில்லை” என்று வருந்துவதில் பொருளில்லை. உணவை இடைநிறுத்திக் கொடுக்க வேண்டும். அசித்ரோமைசினுக்கு முன்பு ஒரு ஈசிஜி எடுத்து, அம்மருந்து நீட்டக்கூடிய க்யூடி என்ற இதய மின் இடைவெளியைப் பார்ப்பதும் அதே வரிசையில் வரும் சிறு வேலை.

இரத்த அழுத்தம்தான் சிக்கலானது. அதிர்ச்சி நிலையில், அதாவது இரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்த நிலையில், உள்ளவருக்குத் திரவம் வேண்டும். கசியும் நுரையீரலுக்குத் திரவம் விஷம். கிலோவுக்கு 30 மில்லி என்ற வழக்கமான தொடக்க அளவை 500 மில்லிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அல்ட்ராசவுண்டில் நுரையீரலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தோம். ஒன்றரை லிட்டருக்குப் பிறகு அழுத்தம் கொஞ்சமே ஏறியது. நுரையீரல் கோடுகள் தெளிவாகவே கூடின. அங்கே நிறுத்தி, இரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் தொடங்கினோம். நான்காவது பாட்டிலைத் தொங்கவிடுவது எளிது, அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. இந்த நோயில் அந்தப் பாட்டில் போய்ச்சேரும் இடம் காற்றறைகள்தான்.

மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் ஆக்சிஜனில், நிமிடத்துக்கு 50 லிட்டர், 70 சதவீத ஆக்சிஜனில் தொடங்கினோம். ஆறு மணி நேரம் கழித்துச் சுவாசம் 38இலேயே நின்றது, ஆக்சிஜன் அளவு 90. இந்த மூன்று எண்களைக் கொண்டு கணக்கிடும் ராக்ஸ் குறியீடு 3.38 வந்தது. ஆறு மணி நேரத்தில் அது 3.47க்குக் கீழே இருந்தால் இந்தக் கருவி கைகொடுக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எண்ணை விடவும் கழுத்துத் தசைகள் இழுத்துக்கொண்டு ஏறி இறங்கியதும், மகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆர்வம் நோயாளியிடம் குறைந்ததும் எங்களை முடிவுக்குத் தள்ளின. தட்டணுக்கள் குறைவாக இருக்கும் ஒருவருக்கு இரத்தக்கசிவு இல்லாமல் குழாய் செருக வேண்டும். பதற்றத்தில் நள்ளிரவில் செய்வதைவிட, அனுபவமுள்ளவர் அருகிலிருக்கும் மாலையில் செய்வது நல்லது. வென்டிலேட்டரில் இணைத்தோம். இரத்தக்கசிவு ஏதும் இல்லாததால் தட்டணுக்கள் ஏற்றவில்லை.

வென்டிலேட்டரில்

உயரம் 155 சென்டிமீட்டர். உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை சுமார் 48 கிலோ. ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 6 மில்லி என்றால் சுமார் 290 மில்லி. பார்ப்பவருக்கு அது மிகக் குறைவாகத் தோன்றும். 2000இல் வெளியான ஏ.ஆர்.டி.எஸ். (தீவிர மூச்சுத்திணறல் நோய்க்குறி) வலையமைப்பின் ஆய்வில் கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தனர், 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம் பேர். வீங்கி நனைந்த நுரையீரலில் காற்றுக்குத் திறந்திருப்பது ஒரு சிறு பகுதி மட்டுமே. பெரிய மூச்சைத் திணித்தால் நன்றாக இருக்கும் அந்தப் பகுதியும் கிழிகிறது.

காற்றறைகள் மூடாமல் தாங்கும் பீப் அழுத்தம் 12, ஆக்சிஜன் 80 சதவீதம் என்று வைத்து, 12 மணி நேரம் நிலைப்படுத்திய பிறகும் தமனி ஆக்சிஜன் 74 மட்டுமே. அதைச் செலுத்தும் ஆக்சிஜனின் பங்கால் (0.8) வகுத்த விகிதம் 92. பெர்லின் வரையறையில் 100க்குக் கீழே வந்தால் அது கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தோம். 2013இல் வெளியான ப்ரோசேவா ஆய்வில் விகிதம் 150க்குக் குறைந்தவர்களை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் இப்படி வைத்ததில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது நான்கைந்து பேரின் கைகள், குழாய்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர், முகத்திலும் கண்ணிலும் அழுத்தம் படாமல் பார்க்கும் பொறுப்புள்ள செவிலியர். ஆள் பற்றாக்குறை உள்ள பிரிவுகளில் இந்தச் சிகிச்சை தள்ளிப்போடப்படுவதற்கும் அதுதான் காரணம்.

முதல் முறை குப்புறப் படுத்த 16 மணி நேரத்தின் முடிவில் 50 சதவீத ஆக்சிஜனில் விகிதம் 176. மல்லாத்தியதும் 130க்கு இறங்கியது. இரண்டாம் முறை வைத்து எடுத்த பிறகு மல்லாந்த நிலையிலேயே 190இல் நின்றது. மூன்றாம் முறை தேவைப்படவில்லை.

இரண்டாம் நாளின் தடுமாற்றம்

இந்த நிகழ்வில் நான் அதிகம் பேச விரும்புவது எங்களிடம் வந்த இரண்டாம் நாளைப் பற்றித்தான். டாக்சிசைக்ளின் தொடங்கி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. காய்ச்சல் 38.8. எக்ஸ்ரே முந்தைய நாளைவிட மோசம். வலது மேல்பகுதியும் வெளுத்துவிட்டது. அழற்சியில் ஏறும் ஃபெரிட்டின் 2,800. இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர், பல கிருமிகளைக் கொல்லும் பரந்த மருந்தான மெரோபெனமும் ஒரு பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் சேர்க்கலாமா, ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்தை மட்டும் பார்த்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

சிக்கலில்லாத ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளின் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். அந்த வேகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தீவிர நோயின் மந்தம் தோல்வியாகத் தெரிகிறது. மருந்து கிருமியின் புரத உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே சிதைந்த இரத்தக்குழாய் உட்சுவரை அது தைப்பதில்லை. கசிவு நிற்க நாட்கள் ஆகும். இடையில் நாம் கொடுத்த ஒன்றரை லிட்டரின் ஒரு பகுதி நுரையீரலுக்குள் இறங்கி, படத்தை இன்னும் வெண்மையாக்கியிருந்தது. எனவே படத்தை ஒதுக்கிவைத்து வேறு சிலவற்றைப் பார்த்தோம். நோர்அட்ரினலின் தேவை பாதியாகக் குறைந்திருந்தது. லாக்டேட் 1.9. தட்டணுக்கள் 46,000த்திலிருந்து 58,000. சிறுநீர் வந்துகொண்டிருந்தது. உறுப்புகள் திரும்பிக்கொண்டிருந்தன, நுரையீரல் மட்டும் பின்தங்கியிருந்தது. மெரோபெனம் சேர்க்கவில்லை.

உயர்ந்த ஃபெரிட்டின் வேறொரு கவலையைக் கிளப்பியது. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி இரத்த அணுக்களையே விழுங்கும் ஹீமோஃபேகோசைட்டிக் நோய்க்குறி ஸ்க்ரப் டைபஸைத் தொடர்ந்து வருவதுண்டு. ஆனால் மண்ணீரல் பெரிதாகவில்லை. ஹீமோகுளோபின் நிலையாக இருந்தது, இரத்த உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜென் சரியாக இருந்தது, அணுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. இத்தொற்றோடு வரும் அந்தச் சிக்கலும் பலருக்குக் கிருமிக்கான மருந்திலேயே அடங்கிவிடுகிறது.

ஸ்டீராய்டைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை என்று சொல்ல முடியாது. தயக்கமான கருத்து இருக்கிறது. பொதுவான ஏ.ஆர்.டி.எஸ்.ஸிலும் கடுமையான நிமோனியாவிலும் அதற்கு ஆதரவான சான்றுகள் உண்டு. அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் அல்லர். உயிரணுக்களுக்குள் ஒளிந்து வளரும் ஒரு கிருமிக்கு எதிராக அதே பலனை எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. நோர்அட்ரினலின் அளவு கூடிக்கொண்டே போயிருந்தால் அதிர்ச்சி நிலைக்கான ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொடுத்திருப்போம். இங்கே குறைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நோர்அட்ரினலின் நின்றது. அன்றே திரவத்தைக் குறைத்து, சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசெமைடு தொடங்கினோம். 2006இல் வெளியான திரவக் கட்டுப்பாட்டு ஆய்வு, அதிர்ச்சி நீங்கிய பிறகு உடலை வறட்சிப் பக்கம் வைத்திருந்தால் வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் கூடுகின்றன என்று காட்டியது. மருந்து தொடங்கி ஏறத்தாழ 60 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது.

ஏன் நுரையீரல்?

ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமியைச் சுமக்கும் லெப்டோட்ரோம்பிடியம் வகைச் சிற்றுண்ணிகள் இளம்புழுப் பருவத்தில்தான் மனிதரைக் கடிக்கின்றன. அந்தப் புழு இரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அந்தத் திசுநீரை உறிஞ்சுகிறது. ஆறு கால்களும் ஆரஞ்சு நிறமும் கொண்ட அந்தப் புழுவைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். கடித்த இடத்தில் கிருமி முதலில் பெருகிப் பொருக்கை உண்டாக்குகிறது, பிறகு நிணநீர் வழியே இரத்தத்துக்குள் சென்று இரத்தக்குழாய்களின் உட்சுவர் அணுக்களையும் விழுங்கணுக்களையும் பிடிக்கிறது. கடித்து அறிகுறி தொடங்கப் பொதுவாக 6 முதல் 21 நாட்கள் ஆகும். அதனால்தான் “நேற்று எங்கே போனீர்கள்?” என்ற கேள்வியால் பயனில்லை.

நுண்ணிய இரத்தக்குழாய்கள் எங்கெல்லாம் அடர்ந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் பாதிப்பு இருக்கும்: மூளை, இதயம், சிறுநீரகம், கல்லீரல். நுரையீரல் முழுக்க அப்படிப்பட்ட குழாய்களின் வலையே. குழாயைச் சுற்றிய அழற்சி, காற்றறைகளுக்கு இடையிலான திசுவில் வீக்கம், பிறகு நீர்க்கசிவு, சிலருக்கு இரத்தக்கசிவு. சாதாரண பாக்டீரியா நிமோனியாவைப் போலக் காற்றறைக்குள் சீழ் நிறைவது இதன் தன்மை அல்ல. அதனால்தான் தொடக்கத்தில் இருமல் வறட்டு இருமலாக இருக்கிறது, சளி வருவதில்லை, எக்ஸ்ரேயில் வலைப்பின்னல் தெரிகிறது. வயது கூடியவர்களுக்கும், சரியான மருந்து தாமதமானவர்களுக்கும் இது ஏ.ஆர்.டி.எஸ். வரை போகும் வாய்ப்பு அதிகம். முதலாவதை நாம் மாற்ற முடியாது.

செஃபலோஸ்போரின்கள் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அவை பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் வேலையைத் தடுக்கின்றன. ஓரியன்ஷியாவுக்கு அந்தச் சுவர் பெயரளவுக்கே இருக்கிறது. தவிர, அது நம் உயிரணுவுக்குள் வசிக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கோ இக்கிருமியின் மரபணுவிலேயே எதிர்ப்பு இருக்கிறது. டைபாய்டாக இருக்கலாம் என்று அதைத் தொடங்குவது நாளை வீணாக்கும் இன்னொரு வழி.

ஒரு மருந்தா, இரண்டா?

1948இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து இந்த நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்டது. பின்னர் டாக்சிசைக்ளின் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. நெடுங்காலம் கடுமையான நோய்க்கும் லேசான நோய்க்கும் ஒரே பரிந்துரைதான். 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான இந்திய ஆய்வு, குறைந்தது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்ட 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, நரம்பு வழி டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று ஏழு நாள் சிகிச்சையை ஒப்பிட்டது. ஆய்வில் கணக்கிடப்பட்ட 794 பேரில் 62 சதவீதத்தினருக்குச் சுவாசச் சிக்கல் இருந்தது. அதாவது நம் நோயாளியைப் போன்றவர்களே அதில் பெரும்பான்மை. 28 நாளில் இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்த அளவுகோலில், இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் விழுந்தனர். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம்.

இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. “இரண்டு மருந்து உயிரைக் காக்கும்” என்று சிலர் சுருக்கிச் சொல்வது அதனால் பிழை. சிக்கல்கள் விரைவில் நீங்குகின்றன என்பதே ஆய்வு காட்டியது. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு அதுவே பெரிய லாபம். அங்கே கழியும் ஒவ்வொரு நாளும் புதுத் தொற்றுக்கு வாசல். இரு மருந்துகளும் கிருமியின் ரைபோசோமின் வெவ்வேறு துண்டுகளில் ஒட்டிப் புரத உற்பத்தியை இரு இடங்களில் தடுக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உறுப்புப் பாதிப்பு இல்லாத சாதாரண நோய்க்கு இரண்டு மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் பொதுவாக முதல் தேர்வு.

எஞ்சிய நாட்கள்

புதுத் தொற்று என்று மேலே சொன்னது இவருக்கும் வந்தது. ஆறாம் நாள் மீண்டும் 38.6 டிகிரி; மூச்சுக்குழாயிலிருந்து கெட்டியான மஞ்சள் சளி, வலது கீழ்ப்பகுதியில் புதிய நிழல். கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. இரண்டாம் நாள் மறுத்த பரந்த மருந்தை இப்போது காரணத்தோடு தொடங்கி, உணர்திறன் முடிவுக்கேற்பக் குறைத்து, ஏழு நாளில் நிறுத்தினோம். ஸ்க்ரப் டைபஸ் மருந்துகளும் ஏழு நாளில் நின்றன.

ஒன்பதாம் நாள் சுவாசக் குழாய் அகற்றப்பட்டது. கை கால்களில் பலவீனம் இருந்ததால் பிசியோதெரபி. முதலில் கட்டில் விளிம்பில் உட்காருவது, பிறகு நாற்காலி, பிறகு நடை. பதினேழாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் வீடு திரும்பினார். ஆறு வாரம் கழித்து வந்தபோது எக்ஸ்ரே தெளிந்திருந்தது. ஆறு நிமிட நடையில் 410 மீட்டர் நடந்தார், ஆக்சிஜன் 94க்குக் கீழே போகவில்லை. காது நன்றாகக் கேட்டது. ஏ.ஆர்.டி.எஸ். ஆழமாக வந்தவர்களுக்கு மூச்சுத்திறன் சோதனை பல மாதங்கள் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம்.

மகள் கேட்ட கடைசிக் கேள்வி, இது மறுபடியும் வருமா என்பது. வரலாம். இக்கிருமியில் பல வகைகள் உண்டு; ஒன்றுக்கு உருவாகும் எதிர்ப்பு மற்றொன்றுக்கு நெடுநாள் உதவுவதில்லை, அதனாலேயே தடுப்பூசியும் இதுவரை இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவாது. வீட்டில் உள்ளவர்களைத் தனிமைப்படுத்தவோ அவர்களுக்கு மருந்து கொடுக்கவோ வேண்டியதில்லை. புதர் வேலைக்கு முழுக்கையும் முழுக்காலும் மூடிய உடை, வெளியே தெரியும் தோலில் டீட் என்ற பூச்சி விரட்டி கலந்த களிம்பு, வேலை முடிந்ததும் குளியல், உடையைத் துவைத்த பிறகே மறுபடி அணிவது. ஆபத்தான பகுதிக்குக் குறுகிய காலம் செல்வோருக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் தடுப்பாக ஆராயப்பட்டிருக்கிறது; ஆண்டு முழுவதும் அதே நிலத்தில் வேலை செய்பவருக்கு அது பொருந்தாது. இவருக்குச் சொன்னது வேறு: அடுத்த முறை மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், எந்த மருத்துவரிடம் போனாலும், தனக்கு ஏற்கெனவே இந்த நோய் வந்திருக்கிறது என்பதையும் புதரில் வேலை செய்வதையும் தாமாகவே சொல்ல வேண்டும். அதையும் சிகிச்சை விவரத்தையும் வெளியேற்றச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.